சமூக நலவாழ்வில் நடத்தை மாற்ற ஆய்வு: முதல் நாளிலிருந்து முடிவு சொல்லும் நாள் வரை

நடத்தை மாற்ற ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே போஸ்டர் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். கையைக் கழுவுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், தினமும் நடங்கள் என்று என்ன சொல்ல வேண்டுமோ அது அவர்களுக்கு மனப்பாடம். ஆறு மாதம் கழித்து அளந்தால், மக்களின் அறிவு மதிப்பெண் ஏறியிருக்கும். நடத்தை இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதுவார்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் தவறு மக்களிடம் இருக்காது, வேலை நடந்த வரிசையில் இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வலியுறுத்துவது வரிசையைத்தான். நடத்தையில் தொடங்குங்கள். செய்தி அதற்குப் பல படிகளுக்குப் பிறகு வரும்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காலம். சிறிய ஆய்வுக்கே ஒரு வருடம் ஒதுக்குங்கள், இடையீடு முடிந்து ஆறு மாதம் கழித்துச் செய்யும் மறு அளவீடு அதற்கு மேல். அதில் பாதி, இடையீடு தொடங்குவதற்கு முன்பே செலவாகும். "இடையீடு" என்று நான் சொல்வது, நடத்தையை மாற்ற நாம் அங்கே செய்யப்போகிற செயல்பாடு முழுவதையும்.

இரண்டாவது, அந்தக் குடியிருப்பிலேயே வாழ்கிற இரண்டு மூன்று பேர். வெளியிலிருந்து வருகிற களப்பணியாளருக்குக் கதவு திறக்கும். ஆனால் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை உள்ளே இருப்பவரால்தான் விளக்க முடியும்.

மூன்றாவது, புள்ளியியல் தெரிந்த ஒருவர். தரவு சேர்ந்த பிறகு அவரிடம் போனால், என்ன தவறு நடந்தது என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடியும். வடிவமைக்கும்போதே கூட உட்காரவைத்தால் அந்தத் தவறையே தவிர்க்கலாம்.

நான்காவதை எல்லோரும் மறக்கிறார்கள்: பரிந்துரைக்க ஒரு மருத்துவ இடம். இரத்த அழுத்தம் அளக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 180/120 காட்டுகிறது, அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. அந்த நிமிடத்தில் களப்பணியாளர் என்ன சொல்ல வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும், அவரை எங்கே அனுப்ப வேண்டும்? இதை எழுதி ஒவ்வொருவர் பையிலும் வைக்காமல் அளவியைக் கையில் எடுக்காதீர்கள்.

1. ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள்

"சுத்தமாக இருத்தல்" நடத்தை ஆகாது. "ஆரோக்கியமாகச் சாப்பிடுதல்" என்பதும் அப்படித்தான். கேமராவை வைத்தால் படம் பிடிக்க முடிகிற ஒன்றுதான் நடத்தை. யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது, எத்தனை முறை என்ற ஐந்து கேள்விக்கும் விடை ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

உதாரணம்: "ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், மலம் கழித்த குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட உடனே, கழுவிவிட்டவர் தன் இரண்டு கைகளையும் சோப்பு போட்டுக் கழுவுவது, ஒவ்வொரு முறையும்." இவ்வளவு குறுக்கிக்கொண்டால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இப்படி எழுதினால்தான் யாரைப் பார்க்க வேண்டும், எந்த நேரத்தில் பார்க்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்பது தெளிவாகும்.

தேர்வு செய்ய ஒரு வழி: அந்தச் சிக்கலுக்குத் தொடர்புள்ள பத்துப் பதினைந்து நடத்தைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி கேளுங்கள். இது மாறினால் உடல்நலத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும்? மாற வாய்ப்பு எவ்வளவு? இது மாறினால் வேறு நல்ல நடத்தையும் கூடவே வருமா? இதை நம்மால் அளக்க முடியுமா? கடைசிக் கேள்வியில் தோற்றால், மற்ற மூன்றிலும் வென்றாலும் ஆய்வுக்கு அது உதவாது.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, ஐந்து நடத்தைகளை ஒரே திட்டத்தில் அடைப்பது. எதற்கும் போதுமான அழுத்தம் கிடைக்காது. முடிவில் எது வேலை செய்தது என்றும் தெரியாது. இன்னொன்று, நோய் குறைவதையும் நடத்தை மாறுவதையும் ஒன்றாகக் குழப்புவது. "வயிற்றுப்போக்கு குறைய வேண்டும்" என்பது நடத்தையின் விளைவு. அதை நிரூபிக்கத் தேவைப்படும் மாதிரி அளவும் (எத்தனை பேரை அளக்க வேண்டும் என்பதும்) காலமும் வேறு. பல மடங்கு பெரிதாகவும் இருக்கலாம். உங்கள் ஆய்வின் முதன்மை அளவு எது, அதாவது பலித்ததா இல்லையா என்பதை எந்த எண்ணை வைத்துச் சொல்லப்போகிறீர்கள் என்பதை இந்தப் படியிலேயே முடிவு செய்து எழுதிவிடுங்கள்.

2. அனுமதியும் அறிமுகமும்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருவதற்கு முன் ஒரு துளித் தரவும் சேகரிக்கக் கூடாது. போய் அறிமுகம் செய்துகொள்ளலாம், பேசலாம், நடந்து சுற்றிப் பார்க்கலாம். குறிப்பேட்டில் ஒரு வீட்டைப் பற்றி எழுதத் தொடங்கும் கணத்தில் அது தரவாகிவிடுகிறது.

பங்கேற்பாளர்களைக் குழு பிரித்துச் செய்யும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 முதல் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. பிந்திப் பதிந்த ஆய்வைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முதன்மை அளவு எது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டால், நன்றாக வந்த எண்ணைப் பிறகு பொறுக்கி எடுக்கும் ஆசை நமக்கே வராது.

ஒப்புதல் படிவத்தைப் படிக்கக் கொடுத்தால் மட்டும் போதாது, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முடித்ததும் "நான் சொன்னதில் உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்ற பகுதி அவர் வாயிலிருந்து வரவில்லை என்றால் மறுபடி விளக்குங்கள். குடியிருப்பின் தலைவர் சரி சொல்லிவிட்டார் என்பது வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

எட்டுப் பத்துப் பேர் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவையும் இப்போதே அமையுங்கள். அதில் நாம் எதிர்பார்க்கும் நடத்தையைச் செய்யாதவர்களும் இருக்க வேண்டும். செய்கிறவர்களை மட்டும் கூட்டிவைத்தால் எல்லாம் எளிது என்று நமக்குச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். நமக்குச் சம்பளம் உண்டு, அவர்களுக்கு மட்டும் சேவை மனப்பான்மை என்பது நியாயமாகாது.

3. பேசுவதற்கு முன் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். "நேர்காணலில்தான் கேட்கப்போகிறோமே" என்பார்கள். ஆனால் நல்ல நடத்தை எது என்று தெரிந்த மனிதர், கேட்டால் அதைத்தான் சொல்வார். அவர் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. விருந்தாளி முன்னால் வீட்டை ஒழுங்காகக் காட்டுகிற அதே இயல்புதான் அது.

ஒரு வீட்டில் நடந்தது இது. நேர்காணலில் அந்தத் தாய், "சோப்பு போடாமல் எப்படி? கிருமி இருக்குமே" என்றார். இரண்டு நாள் கழித்து, காலையில் மூன்று மணி நேரம் அதே வீட்டு வாசலோரம் எங்கள் களப்பணியாளர் உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குக் கால் கழுவிவிட்டார் தாய். குழாய் வெளியே, பின்பக்கம். சோப்பு உள்ளே, குளியலறையில், குழந்தை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடும் என்று உயரத் தட்டில். குழந்தை இடுப்பில் நழுவிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம். வெறும் தண்ணீரில் இரண்டு கையையும் ஒருமுறை அலசி, புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். மூன்று மணி நேரத்தில் இதே காட்சி இரண்டு முறை.

கிருமி பற்றி அவருக்கு நாம் சொல்ல எதுவுமே இல்லை. சோப்புக்கும் குழாய்க்கும் நடுவில் பத்தடி தூரம், அதுதான் சிக்கல். நேர்காணல் மட்டும் செய்திருந்தால் அவருக்குக் கிருமிப் படம் போட்ட போஸ்டரைக் கொடுத்திருப்போம்.

பார்ப்பதற்குச் சில விதிகள். ஒரு வீட்டில் குறைந்தது மூன்று மணி நேரம் இருங்கள், வேலை மும்முரமாக நடக்கும் நேரமாகப் பார்த்து. முதல் அரை மணி நேரம் எல்லோரும் நம்மைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பிறகுதான் வீடு தன் போக்குக்குத் திரும்பும். "கை கழுவுவதைப் பார்க்க வந்தோம்" என்று சொல்லிவிட்டால் நாள் முழுக்கக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அதனால் "வீட்டின் அன்றாட வேலைகளைப் பார்க்க வருகிறோம்" என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். இப்படிப் பாதி சொல்வதற்கு நெறிமுறைக் குழு தனியாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் முழு விவரத்தையும் வீட்டாரிடம் சொல்லிவிடவும் வேண்டும்.

குறிப்பெடுக்கும்போது தீர்ப்பு எழுதாதீர்கள். "சுத்தம் போதவில்லை" என்று எழுதினால் பிறகு அது எதற்கும் உதவாது. "7.40, குழாயடி, வலது கை மட்டும், தண்ணீர் மட்டும்" என்று எழுதுங்கள்.

4. ஏன் நடக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள்

பார்த்தவற்றை வகைப்படுத்த ஒரு சட்டகம் வேண்டும். பல கோட்பாடுகள் இருக்கின்றன. புதியவர்களுக்கு நான் கொடுப்பது காம்-பி (COM-B) மாதிரி. உளவியலாளர் சூசன் மிச்சியும் அவருடைய சகாக்களும் 2011-ல் வெளியிட்டது. ஒரு நடத்தை நடக்க மூன்று வேண்டும் என்கிறது அது: திறன், வாய்ப்பு, உந்துதல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம் உண்டு. திறனில் உடல் திறன், மனத் திறன். வாய்ப்பில் பொருளும் இடமும் நேரமும் ஒரு பக்கம், சுற்றியிருப்பவர்கள் மறுபக்கம். உந்துதலில் யோசித்து எடுக்கும் முடிவு, யோசிக்காமலே வரும் பழக்கமும் உணர்ச்சியும்.

மேலே சொன்ன வீட்டை இதில் வைத்துப் பாருங்கள். திறன் இருக்கிறது. யோசித்த உந்துதலும் இருக்கிறது. பொருள்சார்ந்த வாய்ப்பு இல்லை, பழக்கமும் உருவாகவில்லை. அறிவுரை தொடுவது ஏற்கெனவே நிறைந்திருக்கும் இரண்டு பெட்டிகளை. காலியாக இருக்கும் இரண்டும் காலியாகவே கிடக்கும்.

இப்போது நேர்காணலுக்குப் போகலாம். செய்யாதவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அதே சூழலில் இருந்துகொண்டே செய்கிறவர்களும் இருப்பார்கள், அவர்களைத் தேடுங்கள். தடை ஆய்வு என்ற முறையில் செய்பவர்கள் 45 பேர், செய்யாதவர்கள் 45 பேர் என்று எடுத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுவார்கள். இரண்டு தரப்பும் ஒரே பதிலைச் சொன்னால் அது தடை ஆகாது. "நேரமில்லை" என்று இருவருமே சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது அதுவல்ல. "மாமியார் பார்த்துக்கொள்வார்", "சோப்பு குழாயடியிலேயே கிடக்கும்" போன்ற பதில்கள் ஒரு தரப்பில் மட்டும் குவிந்தால், பிடிக்க வேண்டிய நூல் அங்கே இருக்கிறது.

"ஏன் செய்வதில்லை?" என்று நேராகக் கேட்காதீர்கள், குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும், சாக்குதான் பதிலாக வரும். "கடைசியாக எப்போது செய்தீர்கள்? அன்றைக்கு என்ன நடந்தது, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரு நாளின் கதையில் காரணம் தானாக வெளியே வரும்.

5. இடையீட்டை வடிவமையுங்கள்

இப்போதுதான் "என்ன செய்யப்போகிறோம்" என்ற கேள்வி. இங்கேயும் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: கண்டுபிடித்த தடை, அதை நீக்கும் உத்தி, அது வேலை செய்கிறதா என்பதற்கான அடையாளம். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் உத்தியைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

உத்திகளைப் பெயர் சொல்லித் தேர்வு செய்வது நல்லது. 2013-ல் வெளியான வகைப்பாட்டில் 93 நடத்தை மாற்ற உத்திகள் 16 தொகுதிகளாக இருக்கின்றன. இலக்கு வைத்தல், தானே கண்காணித்தல், சுற்றுப்புறத்தை மாற்றி அமைத்தல், நினைவூட்டும் குறி வைத்தல் எல்லாம் அதில் வரும். "விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தினோம்" என்று எழுதினால், படிக்கிறவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது. எந்த உத்தி, யார் கொடுத்தார், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று எழுதினால் முடியும். டைடியர் (TIDieR) என்ற 12 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் இதற்கென்றே இருக்கிறது. அறிக்கை எழுதும்போது தேடாமல், வடிவமைக்கும்போதே அதை நிரப்பிவிடுங்கள்.

எங்கள் குழாயடிக்குத் திரும்பினால், தீர்வு மலிவாகத்தான் இருந்தது. மூடியில் ஓட்டை போட்ட பாட்டில், அதில் சோப்புத் தூள் கரைத்த தண்ணீர், கயிற்றில் கட்டிக் குழாயிலேயே தொங்கவிட்டது. கூடவே ஒரு தீர்மானம், தாயின் வாயாலேயே: "பிள்ளைக்குக் கால் கழுவி இறக்கி விட்டதும், பாட்டிலை அமுக்குவேன்." இது நடந்தால் உடனே அதைச் செய்வேன் என்று இரண்டையும் முடிச்சுப் போடுவது வெறும் "இனிமேல் கழுவுவேன்" என்ற உறுதிமொழியைவிடப் பலமானது. ஏற்கெனவே நடக்கிற செயல் புதிய செயலுக்கு மணி அடிக்கிறது.

செய்தி தேவைப்பட்டால், இரண்டு பொறிகளில் விழாமல் பாருங்கள். பயமுறுத்திவிட்டு வழி காட்டாமல் போனால், மக்கள் ஆபத்தைத் தவிர்ப்பதற்குப் பதிலாக அந்தச் செய்தியையே தவிர்ப்பார்கள். பயத்தைத் தொட்டால், அடுத்த வரியிலேயே அவரால் இன்றே செய்ய முடிகிற ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது பொறி, "பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை" என்று வருத்தத்தோடு சொல்வது. கேட்கிறவருக்கு அது "எல்லோரும் நம்மைப் போலத்தான்" என்ற ஆறுதலாகப் போய்ச் சேரும்.

இடையீடு எத்தனை நாள்? 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பித் திட்டம் போடாதீர்கள். லண்டனில் 96 பேரிடம் செய்த, 2010-ல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. எளிய செயலுக்கே குறைந்தது மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதைப் பங்கேற்பவர்களிடம் சொல்லுங்கள். ஒரு நாள் தவறியதும் மொத்தமாக விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

6. அளவுகோலைச் சரிபாருங்கள்

அளவுகோலில் தேர்வு வரிசை இதுதான்: நேரில் பார்ப்பது முதலில், கருவியோ பொருளோ காட்டும் சான்று அடுத்து, வாய்மொழி கடைசியில். நடப்பதை அடியெண்ணியால் அளக்கலாம். மாத்திரையை அட்டையில் மீதியிருப்பதை எண்ணி அளக்கலாம். குழாயடியில் சோப்பும் தண்ணீரும் இருக்கிறதா என்பது பார்வையிலேயே தெரியும். ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. மாத்திரையை எடுத்து வீசிவிட்டும் அட்டையைக் காலி செய்யலாம். முடிந்தால் இரண்டு வழியில் அளந்து ஒப்பிடுங்கள்.

கேள்வித்தாள் தவிர்க்க முடியாதது என்றால், அதை எட்டுப் பத்துப் பேரிடம் சொல்லிச் சோதியுங்கள். பதிலை வாங்குவதோடு நிற்காமல், "இந்தக் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்பதுதான் சோதனை.

இரத்த அழுத்த ஆய்வு ஒன்றின் சோதனையில் ஒரு பெரியம்மாவிடம், "மாத்திரையை ஒழுங்காப் போடறீங்களா அம்மா?" என்று கேட்டோம். "தவறாமப் போடறேன் கண்ணு." ஒழுங்கு என்றால் என்ன என்று கேட்டதும் விளக்கினார்: "தலை கனத்தா உடனே போட்டுருவேன். ஒரு தடவைகூட விட்டதில்ல." அவர் பார்வையில் அது முழு உண்மை. அந்தக் கேள்வியோடு நாங்கள் களத்துக்குப் போயிருந்தால், வாரத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறவர் "ஒழுங்கானவர்" பட்டியலில் ஏறியிருப்பார். கேள்வியை மாற்றினோம்: "நேற்று மாத்திரை போட்டீர்களா? முந்தாநாள்? அதற்கு முந்தின நாள்?"

ஒழுங்காக, அடிக்கடி, எப்போதாவது, போதுமான அளவு போன்ற சொற்களைக் கேள்வித்தாளில் எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். நாளும் எண்ணும் வையுங்கள். வேறு மொழியிலிருந்து எடுத்த கேள்வித்தாள் என்றால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுபோகட்டும். இரண்டும் எங்கே விலகுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள். மேலே சொன்ன சோதனையை அதற்குப் பிறகும் செய்யத்தான் வேண்டும்.

7. எத்தனை பேர், யாரோடு ஒப்பிடுவது

இடையீடு பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "முன்பு 20, இப்போது 38 சதவீதம்" என்றால் எதுவும் நிரூபணமாகாது. பருவம் மாறியிருக்கலாம், தண்ணீர் வசதி வந்திருக்கலாம், நாம் கேள்வி கேட்டதே நினைவூட்டலாகியிருக்கலாம்.

நடத்தை இடையீடுகளை வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பது கடினம். பக்கத்து வீட்டில் பாட்டில் தொங்கினால் இவர்களும் கட்டுவார்கள். அதனால் முழுக் குடியிருப்புகளையே குலுக்கலில் பிரிக்கிறோம். இங்கேதான் மாதிரி அளவில் தடுக்கி விழுகிறார்கள். ஒரே குடியிருப்பில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள், எனவே இருபது பேர் இருபது தனித்தனிச் சான்றுகளாக ஆவதில்லை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். நடத்தை 20 சதவீதத்திலிருந்து 35 சதவீதத்துக்கு உயரும் என்று எதிர்பார்க்கிறோம். 5 சதவீத முக்கியத்துவ மட்டம் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீதக் கண்டறியும் திறன் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) என்று வைத்தால், தனிநபர் குலுக்கலுக்குக் குழுவுக்குச் சுமார் 136 பேர் வேண்டும். குடியிருப்புக்கு 20 பேர், குடியிருப்புக்குள் ஒத்திருக்கும் அளவு 0.05 என்றால், பெருக்க வேண்டிய எண் 1 + (20 − 1) × 0.05, அதாவது 1.95. 136 இப்போது 266 ஆகிறது. 15 சதவீதம் பேர் நடுவில் விலகுவார்கள் என்று சேர்த்தால் 313. குழுவுக்கு 16 குடியிருப்புகள்.

"384 பேர் போதும் என்று படித்தேனே" என்று பலர் கேட்பார்கள். அந்த எண் ஒரு பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை 5 சதவீதப் பிழை வரம்பில் மதிப்பிடத் தேவையானது. இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு, அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு என்று மட்டும் வைக்காதீர்கள். ஆயிரம் பேரை அளந்தாலும், தெரிகிற வித்தியாசம் இடையீட்டால் வந்ததா, அந்த இரண்டு இடங்களின் வித்தியாசமா என்று பிரிக்கவே முடியாது. பணம் குறைவு என்றால், ஒரு இடத்தில் எடுக்கும் ஆட்களைக் குறைத்து இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

8. முன்னோட்டம்

முதன்மை ஆய்வில் சேராத இரண்டு இடங்களில், மூன்று நான்கு வாரம். இடையீடு பலிக்கிறதா என்பதை இது சொல்லாது. சொல்லும் என்று எதிர்பார்த்து எண்களை அலசவும் வேண்டாம். செய்ய முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள்: பாட்டில் எத்தனை நாள் தாங்குகிறது, ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, களப்பணியாளர் எந்த இடத்தில் திணறுகிறார், மக்கள் எதை நாம் நினைக்காத விதத்தில் பயன்படுத்துகிறார்கள்.

9. அடிப்படை அளவீடு, அப்புறம் குலுக்கல்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். எந்த இடம் எந்தக் குழு என்று தெரிந்த பிறகு அடிப்படை அளவீடு, அதாவது இடையீட்டுக்கு முந்தைய முதல் அளவீடு, செய்தால், அளப்பவரின் பேனா தன்னை அறியாமலே சாயும். சேர மறுப்பவர்களின் எண்ணிக்கையும் இரு பக்கமும் வேறுபடும். முதலில் எல்லா இடத்திலும் அளந்து முடியுங்கள். குலுக்கலை, களத்தோடு தொடர்பில்லாத ஒருவர் செய்யட்டும்.

இடையீடு கொடுப்பவரும் அளப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மூன்று மாதம் வீட்டுக்கு வந்து பழகிய பெண்ணிடம், "நீ சொன்னதை நான் செய்யவில்லை" என்று யாருக்குச் சொல்ல மனம் வரும்?

10. நடத்தும்போதே பதிவு செய்யுங்கள்

நான்கு சந்திப்பு என்று திட்டமிட்டோம். எத்தனை வீட்டில் நான்கும் நடந்தன? ஒவ்வொன்றும் திட்டமிட்டபடி நடந்ததா? யார் இருந்தார்கள், யார் வரவே இல்லை? இதை அன்றன்றே எழுதாவிட்டால், முடிவில் மாற்றம் இல்லை என்று வரும்போது, யோசனை தவறா, செய்யவே இல்லையா என்று சொல்ல முடியாமல் போகும்.

களப்பணியாளர்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார்கள், அது நல்லதுதான். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று முதலிலேயே பிரித்துச் சொல்லுங்கள். எங்கள் ஆய்வில் பாட்டிலின் நிறம், கட்டும் இடத்தின் உயரம், பேசும் வார்த்தை எல்லாம் அவர்கள் விருப்பம். பாட்டில் குழாயிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும், தீர்மானத்தைத் தாயே வாயால் சொல்வதும் மட்டும் மாறக் கூடாது.

வாரம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து, "இந்த வாரம் எது சரியாக வரவில்லை?" என்று கேளுங்கள். நல்லது நடந்ததைக் கேட்டால் நல்லது மட்டும்தான் வரும். தவறைச் சொன்னவரை ஒருமுறை கடிந்தால், அதற்குப் பிறகு பதிவேட்டில் தவறே இருக்காது, களத்தில் மட்டும் இருக்கும்.

11. பகுப்பாய்வு

என்ன கணக்கு போடப்போகிறோம் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன் எழுதி முடித்திருக்க வேண்டும். அதன்படியே போங்கள்.

இரண்டு குழுக்களின் மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். இடையீட்டுக் குழு 20-லிருந்து 38-க்கும், ஒப்பீட்டுக் குழு 21-லிருந்து 30-க்கும் ஏறியிருந்தால், நம் பங்கு 18 புள்ளி ஆகாது. 18-ல் 9 போக, மிச்சம் 9. மென்பொருளில் குடியிருப்பு வாரியான தொகுப்பைச் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் இல்லாத வித்தியாசம் இருப்பதாகக் காட்டிவிடலாம்.

எந்தக் குழுவில் போட்டோமோ அந்தக் குழுவிலேயே ஒவ்வொருவரையும் எண்ணுங்கள், அவர் இடையீட்டை ஏற்காவிட்டாலும் சரி. ஒழுங்காக வந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால், ஏற்கெனவே ஆர்வமாக இருந்தவர்களைத்தான் அளக்கிறோம்.

இடையீடு முடிந்த அன்று மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் கழித்து, யாரும் வீட்டுக்கு வராத காலத்தில், மறுபடி போய்ப் பாருங்கள். உண்மையான எண் அப்போதுதான் கிடைக்கும்.

12. திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

கட்டுரை அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். முடிவு தெரிந்த சில வாரங்களுக்குள், பங்கேற்ற எல்லா இடங்களிலும், ஒப்பீட்டுக் குழுவிலும் சேர்த்து, கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். சதவீதம் வேண்டாம்: "பத்து வீட்டில் இரண்டு வீடு கழுவிக்கொண்டிருந்தது, இப்போது நான்கு வீடு கழுவுகிறது" என்றால் எல்லோருக்கும் புரியும். பலிக்கவில்லை என்றாலும் அதையே சொல்லுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு, பலித்த இடையீட்டைக் கொடுக்கும் தேதியையும் அங்கேயே சொல்லுங்கள். அவர்கள் ஒரு வருடம் நமக்காகக் காத்திருந்தவர்கள்.

ஒரு கூட்டத்தில் நான் எண்களையெல்லாம் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "பாட்டில் வெடிச்சுப் போச்சுன்னா, நீங்க போனப்புறம் அடுத்தது யாருகிட்ட கேக்கறது?" என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த ஆய்வின் திட்டத்தில், முதல் பக்கத்திலேயே, அந்தக் கேள்விக்கு ஒரு வரியும் அதற்கான தொகையும் இருந்தன. உங்கள் திட்டத்திலும் அவை இருக்கின்றனவா என்று, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.